சனிக்கிழமை வரை

பல்லுக்கும் பல் உண்டு.
முதலில் அதைத்தான் எண்ண வேண்டும்,
ஐந்து மில்லிமீட்டருக்கு எத்தனை என்று
ஊசிமுனையால் ஒவ்வொன்றாய்த் தொட்டு,
மூச்சு லென்ஸில் படியாமல்.

காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே
பள்ளிப் பேருந்தை லஸ்க் நகர எல்லையில் நிறுத்திவிட்டு
நான் செய்யும் வேலை இது.
மடியில் வெள்ளைத் துண்டு.
அதன்மேல் மீன் செதில், ஆமை ஓட்டுச் சில்லு,
வெந்தயத்தளவில் ஒரு பல்:
விளிம்பில் கொக்கி கொக்கியாய்ப் பெரிய ரம்பம்.
ட்ரூடான் வகை. இதில் சந்தேகமில்லை.

வெந்தயத்தளவுப் பற்களை நான் தேடுவதில்லை.
எறும்புகள் தேடுகின்றன.
லைல் ஹாகன்சனின் மேய்ச்சல் நிலத்தில்
செவ்வெறும்புகள் புற்றுக்குக் கூரை வேய்வது
பொடிக்கல்லாலும்
ஆறரைக் கோடி ஆண்டுப் பற்களாலும்.
பெயர் தெரியாது அவற்றுக்கு, எடை தெரியும்.
காற்றில் பறக்காதா, போதும்.
ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு
மீன்தொட்டிச் சரளை ஒரு கைப்பிடி கொட்டிவிட்டு வருவேன்.
கடிகள் கணக்கில் வராது.

லைலுக்கு வாடகை வருடத்துக்கு ஒரு பல்.
அவரே பொறுக்குவார்.
நான்காம் வருடம் பொறுக்கியது
கட்டைவிரல் நீளம், காப்பிக் கறுப்பு.
டைரனோசர் என்றேன்.
ரம்பம் இல்லையே என்று அன்றைக்கே கண்ணில் பட்டது.
ஆற்றில் உருண்டு தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.
ஆசைக்கு ஆற்றைவிட நல்ல வக்கீல் கிடையாது.

வெள்ளியில் பதித்துக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டார்.
தேவாலயத்தில், கன்று ஏலத்தில், பல் டாக்டரிடம்கூட.

இந்த ஏப்ரல் பனிப்புயலில்
பள்ளி மூடிக் கிடந்த நாளில்
பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அடிப்பகுதி ஏறக்குறைய முழு வட்டம்.
இருபக்கமும் ஒரு மெல்லிய வரப்பு, வழவழவென்று.
நடுவே நுனி நோக்கி ஓடும் நூலிழைக் கோடுகள்.
ஆறு தேய்த்திருந்தால்
அந்தக் கோடுகள்தான் முதலில் போயிருக்கும்.
கோடுகள் இருந்தன.

முதலை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பல் அப்படியே இருக்க
என் சொல் போயிருந்தது.
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
கொடுத்தவளே பிடித்துப் பார்த்துவிட்டால்?

கன்று ஈனும் கொட்டகையில்
முழங்கைவரை ரத்தமாய் நின்றிருந்தார்.
சொன்னேன்.
கோடுகளைச் சொன்னேன், வட்டத்தைச் சொன்னேன்,
கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன்.
பசு ஒருமுறை முனகியது.
கன்றின் மூக்கிலிருந்து சளியை வழித்து எறிந்துவிட்டு
"வெல்டா" என்றார்,
"மார்லிஸ் கல்யாணம் சனிக்கிழமை.
மாப்பிள்ளை வீட்டார் டென்வரிலிருந்து வருகிறார்கள்.
சனிக்கிழமை வரை இது அதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்."

சனிக்கிழமை
மாப்பிள்ளையின் சித்தி அதை ஒரு விரலால் தொட்டு
சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
லைல் என் பக்கம் திரும்பவே இல்லை.
நான் இரண்டாவது துண்டு கேக் தின்றுகொண்டிருந்தேன்,
அதன் ருசி இப்போது நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டையைத் திருத்தினேன்.
முதலை வகை, இனம் தெரியவில்லை.
நேற்றிரவு பதினொன்றரை வரை டைரனோசர்.
பென்சிலால்தான்.
பேனாவால் எழுதுவதை விட்டுவிட்டேன்.

திங்கள் காலை நடை முடிந்ததும் போனில் ஒரு செய்தி.
முதலைக்கு வாழ்நாளில் எத்தனை பல் முளைக்கும்?
ஆயிரக்கணக்கில், விழ விழ முளைக்கும் என்று அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்து வந்தது:
அப்படியானால் நான்காம் வருட வாடகை பாக்கி.
கேட்டைப் பூட்டவில்லை.