எடைச் சீட்டு

மேல்விஷாரம் எடைமேடையில்
பதினோரு வருடமாய்ச் சீட்டு எழுதுகிறேன்.
மூட்டைக்குள் கிளிஞ்சல் என்றால்
மூக்கே சொல்லிவிடும்.
கடலை நான் பார்த்ததில்லை,
அதன் வீச்சத்தை டன் கணக்கில் அறிவேன்.

வருவதெல்லாம் காளவாய்க்கு.
கரி ஒரு அடுக்கு, சிப்பி ஒரு அடுக்கு.
விடிவதற்குள் வெந்து வெளுத்து,
தண்ணீர் தெளித்தால் சீறிப் பூத்து,
தோல் ஷாப்புக் குழியில் இறங்கும்.
ஆட்டுத்தோலில் மயிர் கழன்று வரும்.
அவ்வளவுதான் சிப்பி, எனக்கு.

மாசியில் ஒரு லோடோடு கடிதமும் வந்தது,
பழவேற்காட்டிலிருந்து.
ஷுக்கூர் பாய் மூன்று முறை படித்துவிட்டு
என்னிடம் நீட்டினார்.
சுட வேண்டாம். காயவைத்துத் தாருங்கள்,
ஆறு மாதம், கிருமி சாகும்வரை.
முகத்துவாரத்தில் திட்டுக் கட்டுகிறோம்.
பழைய ஓட்டில்தான் ஆளிக் குஞ்சு ஒட்டும்.
ஒட்டி வளர்ந்தால் அலை அதில் உடையும்,
கரை நிற்கும்.

"வெயிலுக்கா நம்மகிட்ட வர்றாங்க?"
டிரைவர் தனகோட்டி சிரித்ததில்
பீடி கீழே விழுந்தது.
தண்ணியில்லாத ஆறு என்று
ஊரே கேலி பேசும் பாலாற்றங்கரை இது.
இல்லாதவற்றின் பட்டியல் எங்களுக்கு மனப்பாடம்.
இருப்பதைக் கேட்டு
இப்போதுதான் ஒருவர் எழுதியிருக்கிறார்.

கொட்டிப் பரப்பினோம்.
சம்பூரணம் நாளுக்கு இரண்டு தடவை
பலகையால் புரட்டினாள்.
முதல் மாதம் காக்கை,
இரண்டாம் மாதம் ஈ,
கத்திரியில் அதுவும் வரவில்லை.
பக்கத்துக் காளவாய் எரிந்துகொண்டேயிருந்தது.
சுடுவதற்கு ஒரு குவியல், சுடாததற்கு ஒரு குவியல்.
மாறிப் போகக்கூடாதென்று நடுவே
ஒரு சிவப்புக் கயிறு கட்டினோம்.

கரை நிற்கும் என்ற வார்த்தையை
நான் மட்டும் மறுபடி படித்தேன்.
அதே தண்ணியில்லாத ஆறு
ஓர் ஐப்பசி ராத்திரி
என் அக்கா வீட்டுக் கொல்லையைத் தின்றது.
முருங்கை, துவைக்கிற கல், இரண்டு ஆடு.
காலையில் கதவைத் திறந்தால்
வாசப்படிக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

ஆவணியில் லோடு ஏறியது.
வந்தபோது ஒன்பது டன்,
போகும்போது ஏழே முக்கால்.
குறைந்த ஒண்ணேகால் டன்
எங்கள் வெயில் தின்றது என்று எழுத
சீட்டில் கட்டம் இல்லை.

சேருமிடம் என்ற கட்டத்தில்
கை தானாகக் 'கடல்' என்று எழுதிவிட்டது.
"செக்போஸ்ட்டுல கேப்பான்மா,
ஊர் பேரை எழுது" என்றார் பாய்.
அடித்துவிட்டுப் பழவேற்காடு என்று எழுதினேன்.

கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.
அடித்த கோட்டுக்கு அடியில்
நீல மையில் தெரிகிறது,
இன்னும் நான் பார்க்காத கடல்.