பொருள் என்ற கட்டம்

அவசரநிலையின் இரண்டாவது ஆடி.
கோட்டாறு மருந்துக்கடை மாடிக்கு
நனைந்த செருப்பைக் கையில் பிடித்து ஏறிவந்தார்
செய்தித்துறை பூதலிங்கம் பிள்ளை.

கண்காட்சிக்குப் பதினாறு படம்.
பதினைந்துக்கு நின்றபடியே முத்திரை.
சதுரம், நீலம், சரிந்த கோடு: குற்றமில்லை.

பதினாறாவது
மணவாளக்குறிச்சிக் கரிமணலை
எண்ணெயில் குழைத்து அப்பியது.

"இது என்னவாக்கும்?"
ஒண்ணுமில்லை என்றேன்.
"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு மண்ணு?"

முக்காலியை இழுத்துப் போட்டார்.
கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.
கீழே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.
பதினொரு வருஷத்தில் என் படத்தின் முன்
ஒருவரும் இத்தனை நேரம் இருந்ததில்லை.
தம்பி லாசர்கூட
சட்டத்தின் விலையைத்தான் கேட்டான்.

வலது மூலையில், தொடாமல், விரலை நிறுத்தினார்.
"இங்க ஒராள் குப்புறக் கெடக்கான்."

நான் போடவில்லை.
எங்கே கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.
ஆனால் கிடந்தான்,
முட்டி மடங்கி, சட்டையில்லாமல்.

படிவத்தில் 'பொருள்' என்ற கட்டத்தில்
மளமளவென்று எழுதினார்.
நிறுத்தினார்.
அடித்தார். அடித்ததன்மேல் அடித்தார்
தாள் கிழியும்வரை.

வேறு படிவம்.
தெளிவில்லை, அனுமதியில்லை.
"சுவரைப் பாக்கத் திருப்பி வையும்"
என்று குடையைத் தேடினார்.
குடை கொண்டுவந்திருக்கவில்லை.

கிழிந்த தாள் என்னிடம் இருக்கிறது.
சன்னலில் பிடித்தால்
ஓட்டை வழியே சாரல்தான் தெரிகிறது.
பின்புறம் தடவினால்
அழுத்தி எழுதிய முதலெழுத்து மட்டும்
விரலில் இடறும்:
ம.

மணல் என்று
வைத்துக்கொள்கிறேன்.