இணைச்சீர்க் கேசட்

கற்பூரம் அணைத்தது ஆண்கள்.
செல்லாண்டியம்மன் வாசலில், ஒரு செவ்வாய்க்கிழமை.
பூசாரி தட்டை நீட்ட
முதலில் விழுந்த கை மாமனாருடையது.
இனி அவள் பேரை எந்த வாயும் சொல்லாது.
எங்கள் வாய்களுக்கும் சேர்த்தே அணைத்துவிட்டு வந்தார்கள்.
நாங்கள் அப்போது அடுப்படியில்
பருப்புக்கு உப்புப் போட்டாச்சா என்று
ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆல்பத்தில் அவள் நின்ற இடமெல்லாம் பிளேடு போனது.
ரேஷன் கார்டில் ஒரு கோடு.
தாவணிகள் வெள்ளகோவில் ரோட்டோரம் எரிந்தன,
நைலெக்ஸ் உருகி
கல்லில் ஒட்டிக்கொண்டது மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

கேசட்டை வெட்ட யாருக்கும் தெரியவில்லை.

என் கல்யாணம் அது. தொண்ணூற்றாறு, தை.
அவளை எடுத்தால் இணைச்சீர் இல்லை.
இணைச்சீர் இல்லாமல் எங்களில் எவன் மாப்பிள்ளை?
அண்ணன் பக்கத்தில் கூறைச்சேலை தோளில் தொங்க
பேழைமூடியோடு நிற்கிறாள்.
மூக்குத்தி புதுசு. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.
லைட்காரன் கண்ணில் அடிக்க
நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

வெள்ளி சாயங்காலம் அவர்கள் பூஜைக்குப் போனதும்
தறிக்கொட்டாய்க்குப் பின்னால்
கோன் பெட்டிக்குள்ளிருந்து டெக்கை எடுப்போம்.
நான். ஓரகத்தி சாந்தாமணி.
தறி ஓட்டும் ராசாமணி, ஒரு கண் நூலில்.
அவள் அந்தப் பையனின் தெருக்காரி;
ஏதாவது தெரிந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை.
மாமியார் படம் பார்க்க மாட்டார்.
வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்து பூண்டு உரிப்பார்.
தறி ஓடட்டும் அம்மிணி, சத்தம் வெளிய போகாது.

பந்தி வரும்போது மட்டும்
ராசாமணி எழுந்துபோய் எட்டுத் தறியையும் நிறுத்துவாள்.
காது அடைத்துத் திறந்த மாதிரி இருக்கும்.
திரையில் மாமனார், தலை இன்னும் கறுப்பு,
பந்தல் முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறார்
அவள் பேரை.
வீட்டில் கூப்பிடுகிற பேர். கடைசி எழுத்தை இழுத்து.
கண்ணு, கடைசி வரிசைக்கு எலை பத்தலயாம், பாரு.
வந்துட்டனுங்கப்பா.

பூண்டு உரிக்கும் சத்தம் நின்றிருக்கும்.
இன்னொருக்கா போடு, என்பார், திரும்பாமல்.

சத்தியத்தை நாங்கள் ஒருநாளும் மீறவில்லை.
எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
சொன்னது அவர்தான்,
சில வெள்ளிக்கு ஐந்து தடவை.

போன மாசம் டேப் இழுத்தது.
திருப்பூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு
முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
பூஞ்சை புடிச்சிருச்சுங்க்கா, என்றான் பையன்.
முகூர்த்தம் தேறாது.
தாலி கட்டுறது போயிருமே, பரவாயில்லீங்களா?

போகட்டும். பந்தி வேணும்.

ஒரு மணி நேரம். ஹெட்போனைக் கழற்றி நீட்டினான்:
குரல் வருதா பாருங்க.

கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாலு பேர்.
ஒருவர் எங்கள் ஊர்க்காரர்,
அன்றைக்குத் தட்டில் கை வைத்தவர்.

ஸ்பீக்கர்ல போடு சாமி, என்றேன்.