மடக்கிய கத்தி

சுங்காய்க்கு வெளியே, செம்பனை லோரிகள் திரும்பும் வளைவில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இடம் மாறப்போகிறார்கள்.
ஈரடுக்கு வீடுகள் வருகின்றன.
பலகையில் ஒரு குடும்பம் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"இங்கிலாந்துல எலும்பு பாத்த பிள்ள,"
கமிட்டிப் பார்த்திபன் என்னை ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்.
பார்த்தேன்தான். ஆறு ஆண்டு, யார்க்ஷயரில்,
சுண்ணாம்பு மேட்டில் முழந்தாளிட்டு.

அங்கே மண் வெள்ளை.
எலும்பு எது, மண் எது என்று கண் பழகவே ஒரு கோடை போகும்.
சிலுவை அந்தத் தீவில் கரையேறுவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் முன்பு
ஒருத்தியை இடப்பக்கமாய்ப் படுக்கவைத்திருந்தார்கள்,
முழங்கால் நெஞ்சுக்கு, போர்வை போதாதவள் போல.
தலைமாட்டில் ஒரு மண்கோப்பை,
கவிழ்த்துப் பிடித்த மணியின் வடிவில்.
அடுத்த மேட்டில், அவளுக்கு வெகுகாலம் பிந்திய ஒருவன்.
அவன் வாளை இரண்டாய் மடக்கி வைத்திருந்தார்கள்.

ஆயுதத்தைக் கொன்றால்தான்
அதன் உயிரும் அவனோடு போகும் என்றார் குழுத் தலைவர்.
கோணத்தை அளந்தோம். படம் எடுத்தோம்.
'சடங்கு' என்று எழுதினோம்.
எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு
'தெரியவில்லை' என்று பொருள்.

இங்கே மண் சிவப்பு. புளித்த மண்.
எலும்பைத் தின்றுவிட்டுப் பல்லை மட்டும் துப்புகிறது.
பல், சட்டைப் பொத்தான், வாயில் வைத்த ஒற்றைக் காசு,
வெற்றிலைப் பெட்டியின் கீல்.

எண்பத்தேழாம் குழியில்
ரோஸ்லான் யாரும் சொல்லாமலே இயந்திரத்தை அணைத்தான்.
பால் வெட்டும் கத்தி. துரு.
நடுவில் மடங்கி, நுனி பிடியைத் தொட்டுக்கொண்டு.
என் கை நடுங்கியது.
"கத்தியைக் கொன்றிருக்கிறார்கள்," என்றேன்,
வெள்ளை மண்ணில் கற்ற குரலில்.

குணவதி வாய்விட்டுச் சிரித்தாள்.
நம்பர் கடையில் வேலை, அரைநாள் விடுப்பு எடுத்து
அப்பாவை வாங்கிப்போக வந்தவள்.
"கொன்னாங்களா? கம்பெனிக் கத்திங்க அது.
ஆளு செத்த மறுநாளே கிராணி வந்து நிப்பாரு.
கத்தி எங்க, வாளி எங்க, மங்கு எத்தன.
எங்க பெரியப்பா சுத்தியலால அடிச்சு மடக்கி
குழியில போட்டுட்டாரு.
ரெண்டு வெள்ளி நாப்பது காசு பிடிச்சாங்க. பிடிக்கட்டும்.
தோண்டி எடுத்தாலும் வெட்டக்கூடாதுன்னு."

அந்த வாளும் யாருக்காவது திரும்பித் தரவேண்டியதாய் இருந்திருக்கும்.
அங்கேயும் ஓர் அண்ணன், ஒரு சுத்தியல்,
காலையில் வரப்போகிற ஒரு கணக்கன்.
கோணத்தை அளந்தோம். கோபம் எத்தனை பாகை?

ஆனால் குணவதிக்கு அப்போது நாலு வயது.
அவளும் யாரோ சொல்லக் கேட்டதுதான்.

இருநூற்றுப் பதினொன்றுக்கு யாரும் வரவில்லை.
பெயர்ப்பலகை இல்லை, பதிவேட்டில் வரி இல்லை.
ஆறு பல். தலைமாட்டில் ஒரு மங்கு,
வாய் மேல்நோக்கி, கீறல்கூட இல்லாமல்.
சிரித்துத் திருத்த ஆள் இல்லாத குழி.

பாரத்தில் ஒரு கட்டம்: பொருள்.
இன்னொன்று: நோக்கம்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மூன்று மணி மழை வந்தது.
பார்த்திபன் கூடாரத்துக்கு ஓடினார்.
ரோஸ்லான் பையில் கட்டிய ஐஸ் தேநீரை நீட்டினான்.

மங்கில் தண்ணீர் அரைக்கு வந்துவிட்டது.
படத்துக்கு முன் எதையும் அசைக்கக்கூடாது;
ஆறு ஆண்டு நானே மற்றவர்களை அதட்டியிருக்கிறேன்.
ஆனாலும் கை போயிற்று.
கவிழ்த்தேன். பெருவிரலால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்தேன்,
அம்மா நிரையில் ஒவ்வொரு மரத்துக்கும் செய்ததுபோல.
பிறகு இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்தான் ரோஸ்லான்.
ஏன் என்று கேட்கவில்லை.
அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.