நான்கு விரல் நிழல்

இறக்கக்கண்டியில் நஸ்மியாவின் மீன்வாடிக் கூரையில்
பன்னிரண்டு சோலர் தகடுகளைப் பூட்டியவள் நான்.
ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்:
"வெயில் கூடினா கரண்டும் கூடும்தானே?"

இல்லை.
தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடல்ல.
சூடு ஏற ஏற அது சோரும்,
சித்திரை மத்தியானத்தில்
கோணேசர் மலை ஏறி வந்தவர்களைப் போல.

கண்ணாடிக்குக் கீழே இருப்பது சிலிக்கன்.
உன் வாசல் மணலுக்குத் தூரத்து உறவு.
வெளிச்சம் வந்து அதில் முட்டும்,
முட்டிய இடத்தில் ஓர் இலத்திரன் கழன்றுகொள்ளும்,
கழன்றது போக ஒரு பக்கம்தான் வழி.
எண்ணமுடியாத அளவு கழன்று
ஒரே பக்கமாய் ஓடினால் அதுதான் கரண்ட்.

"ஜும்ஆ முடிஞ்சு ஒரு வாசலால வாற சனம் மாதிரி" என்றாள்.
அதற்குப் பிறகு நாலைந்து வீடுகளில்
என்னுடைய உவமையாக அதைச் சொல்லியிருக்கிறேன்.

டீப் பிரீசருக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை.
அறக்குளாவும் பாரையும் விடியும்வரை
விறைத்துக் கிடக்கவேண்டும்.
பற்றரி பாதி இரவு தாங்கும்.
மீதிக்கு?

ஆனி மாதம். கச்சான் தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது.
காற்றாடி ஒன்று நட்டோம், நானும் கேதீசனும்.
குழாயில் சீவிய மூன்று இறக்கை,
சுழல்கிற வட்டில் காந்தம்,
எதிரே அசையாமல் செப்புக் கம்பிச் சுருள்.
காந்தம் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும்
தொடாமலே கம்பிக்குள் ஒரு துடிப்பு.

காற்றின் கணக்கு நேர்க்கணக்கல்ல.
வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு,
பாதியானால்
எட்டில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும்.
அதனால் இருபதடிக் கம்பம்,
வீடுகளும் பனைகளும் மறிக்காத உயரம்.
வாடிக்குத் தெற்கே மண் இறுக்கமாக இருந்தது.
அங்கேயே குழி வெட்டினோம்.

மார்கழியில் போன் வந்தது.
மூன்று நாள் மழை விட்டு வானம் கழுவினாற்போல் கிடக்கிறதாம்,
ஆனால் மீற்றரில் இலக்கம் ஏறவில்லையாம்.
"நீ பூட்டினது பழுது."
வயரைப் பார்த்தேன், இணைப்புகளைப் பார்த்தேன்.
கண்ணாடியில் படிந்திருந்த உப்பையும்
காக எச்சத்தையும் கழுவித் துடைத்தேன்.
கொஞ்சம் ஏறியது. போதாது.
இன்வேட்டரைத் திறந்துவிட்டுப் பேசாமல் மூடினேன்.

பதினொரு மணிக்குத்தான் அதைக் கண்டேன்.
நாலு விரல் அகலத்தில் ஒரு நிழல்
ஐந்தாம் தகட்டின் மேல் படுத்துக் கிடந்தது.
காலையில் மேற்குத் தகட்டில் ஏறி
பின்னேரம் கிழக்குத் தகட்டால் இறங்குகிற நிழல்.
தகடுகள் ஒரே வரிசை, ஒன்றன் வாலில் ஒன்று,
ஒன்றின் மேல் நிழல் விழுந்தால்
மற்றப் பதினொன்றின் உழைப்பும் இடறும்.

கம்பத்தின் நிழல்.
நான் நட்ட கம்பம்.

ஆனியில் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கால் போனது,
நிழல் தெற்கே குட்டையாய் விழுந்து மணலில் கிடந்தது.
மார்கழியில் அவன் தெற்கே சாய்ந்துவிட்டான்.
படிக்காததல்ல, பள்ளிக்கூடத்தில் படம் கீறி
புள்ளி வாங்கிய பாடம்.
காற்றைப் பார்த்த நான் அன்று
வருசத்தைப் பார்க்கவில்லை.

நஸ்மியாவிடம் சொல்லாமலும் விட்டிருக்கலாம்.
முகில் என்றோ, தகட்டின் வயது என்றோ
எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம்.
சொன்னேன்.
அவள் நிழலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.
"ரெண்டும் உன்ர ஆக்கள்தானே,
ஒண்டை ஒண்டு மறிக்காம வெச்சிருக்கத் தெரியாதா?"

வாடைக்குள் நனைந்தபடி கம்பத்தைப் பிடுங்கினோம்.
வாடிக்கு வடக்கே, பத்தடி தள்ளிப் புதுக் குழி.
அங்கே மண் பொலபொலவென்று சரிந்தது,
கேதீசன் என்னைத் திட்டியபடி சீமெந்து குழைத்தான்.
கூலி கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.
கூடுதல் வயருக்கு மட்டும்
ஒரு பாரையைப் பையில் போட்டுத் தந்தாள்.

அடுத்த வெயில் நாளில் அவளே எடுத்தாள்:
"பன்னிரண்டும் உழைக்குது."
பின்னால் டீப் பிரீசர் உறுமும் சத்தம்.
அதை வைத்துக்கொண்டே கேட்டாள்,
"அடுத்த ஆனிக்கு நிழல் எங்க விழும்?"

பென்சிலை எடுத்துக் கீறிப் பார்த்துவிட்டுச்
சொல்கிறேன் என்றேன்.