காற்று அடித்த நாட்கள்

ஹீயுமா தீவுத் துறைமுகத்தின் கேட்
பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை செத்துப்போகும்.
உர்மாஸ் போன் செய்வான்:
"உன் பெட்டி மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது.
பின்னால் பதினாறு கார், ஒரு பால் லாரி.
கையால் தூக்கிக்கொண்டிருக்கிறேன்."

தார்த்துவில், ரேடியேட்டர் மேல் கையுறை காய,
மாரிக்கா கடைசித் திரையைப் படிப்பாள்.
கர்னல் சாகும்போது எழுதிவைப்பது:
பதினாறு இலக்க முகவரிகள்,
யார் யாரை அழைத்தார், அவரை யார் அழைத்தார்.
மரண வாக்குமூலம்தான், ஆனாலும்
கொன்றவன் பெயர் அதில் இருக்காது.
கடைசியாகக் கால் இடறியவன் பெயர்தான் இருக்கும்.

வீட்டைக் காலி செய்தபின்னும்
சாவியைத் திருப்பித் தராத யாரோ, அதுவரை தெரியும்.
நினைவகத்தை விடுவிப்பதென்றால் அழிப்பதல்ல,
"இனி இது என்னுடையதில்லை" என்று சொல்வதோடு சரி.
அடுத்த கணமே வேறொருவர் வந்து பாய் விரிப்பார்.
பழையவர் இருட்டில் நுழைந்து
தம் மேசை என்று நினைத்த இடத்தில்
ஏதோ எழுதிவிட்டுப் போவார்.

பிப்ரவரியில் கிடைத்த நினைவகப் பிரதியில்
ஒரு கார் எண் இருந்தது.
417 வரை சரி. அதன்பின்
எழுத்துகள் இருக்கவேண்டிய மூன்று பைட்டில்
யாருடைய கணக்கோ.
அந்தக் காரில் இருந்த பெண்
பல் மருத்துவரிடம் போகவேண்டியவளாம்.
ஹாரன் அடித்தே கப்பலைத் தவறவிட்டாளாம்.

மாரிக்கா பொறி வைத்தாள்.
காலியான இடமெல்லாம் விஷம் தூவும்
கர்னல் ஒன்றைக் கட்டி அனுப்பினாள்:
ஆறு-பி, ஆறு-பி, ஆறு-பி.
தொட்டவன் கை அங்கேயே ஒட்டும்.
முப்பத்து நான்கு நாள் காத்தாள். ஒன்றும் விழவில்லை.
விஷம் தூவும் நேரத்தில் எல்லாமே கொஞ்சம் மெதுவாகிவிட,
இரண்டு கோர்களும் ஒன்றையொன்று இடிக்காமல்
பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையில் போயின.
பொறியை எடுத்தாள். ஒன்பதாம் நாள் கேட் செத்தது.
"குராத்!" என்றாள்.
அந்த ஊரில் சாத்தானின் பெயர் அது.

ஏப்ரலில் உர்மாஸ் ஒரு படம் அனுப்பினான்.
டின் மீன் அட்டைப்பெட்டியின் முதுகில் பென்சில் தேதிகள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அம்பு.
"அம்பு என்ன?"
"காற்று. எல்லாம் வடமேற்கு.
அது அடித்தால் கம்பத்துக் கேபிள் ஆடும்.
நீ கேட்டது எத்தனை மணி என்று மட்டும்தானே."

கேபிள் ஆடினால் இணைப்பு அறும்.
இணைப்பு அறுந்தால் டிரைவர் கடையைக் கட்டும்.
கடை கட்டும் பக்கத்தைத் திறந்தாள்.
எட்டு வருடமாக யாரும் எட்டிப்பார்க்காத பக்கம்.
ஒரு வரி: இடத்தை விடு.
அடுத்த வரி: டைமரை நிறுத்து.
நடுவே ஒரு மூச்சு. மூச்சுகூட இல்லை,
மூச்சில் கோடியில் ஒரு பங்கு.
அதற்குள் டைமர் அடித்தால்
எழுந்து போய், இல்லாத அறையில் கணக்கு எழுதும்.

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்ட
ஒரு கட்டளை உண்டு. அதன் பெயரே பழி.
தட்டினாள். எழுதியவர் போர்த்தோவில் யாரோ,
இப்போது ஒயின் விற்கிறாராம்.
சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.
வெள்ளிக்கிழமை, மாலை நான்கு ஐம்பது.
அன்று என்ன அவசரமோ.

இரண்டு வரிகள் இடம் மாறின.
அவ்வளவுதான் திருத்தம்.
விளக்கம் மட்டும் நாற்பத்தொரு வரி;
காற்றை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.
கீழே, கண்டு சொன்னவர்: உர்மாஸ் கிவிரான்ட்.
"என் பெயர் எதற்கு?" என்றான் அவன்.
பிறகு, "எத்தனை மெஷினில் போகும்?"
தெரியாது, நிறைய, என்றாள்.
"சரி, எழுத்துப்பிழை இல்லாமல் போடு."

மே முழுக்கக் கேட் ஏறி இறங்கியது.
ஜூனில், மணி பத்தரை, வெளியே இன்னும் வெளிச்சம்,
போன்.
"நின்றுவிட்டது."
எந்தத் திசை என்றாள்.
அவன் பக்கத்தில் கடல் சத்தம்கூட இல்லை.
"காற்றே இல்லை. கொடி தொங்குகிறது.
இரு, பென்சில் எடுத்துக்கொண்டு வருகிறேன்."