மாப்பிள்ளை அசையமாட்டார்

வவுனியா பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கலியாணவீட்டு வீடியோ எடுக்கிற கடை.
கண்ணாடிக்குள் மூன்று முக்காலிகள்.
முதலாவது காபன். விலையைக் கேட்டேன்,
கேட்ட வாயைத் துடைத்துக்கொண்டேன்.
இரண்டாவது புதுசு, பளபளப்பு, ஆறாயிரம்;
தலையைத் தொட்டதும்
காய்ச்சல்காரன்போல நடுங்கியது.
மூன்றாவது மூலையில் சாய்ந்திருந்தது.
ஊர்ப்பட்ட கலியாணம் பார்த்த சாமான்,
ஒரு காலில் மஞ்சள் தெறித்துக் காய்ந்திருந்தது.

"எதுக்கு அக்கா?" என்றார் குபேந்திரன்.
"கலியாணவீடு எடுக்க."
"இது பக்கத்துக்குத் திரும்பாது, தலை இறுகிப்போச்சு.
பொம்பிளை மாப்பிள்ளை சுத்தி வரேக்க…"
"பரவாயில்லை. எங்கட மாப்பிள்ளை அசையமாட்டார்."

எங்கட மாப்பிள்ளை ஒரு பால்பேணி.

குரங்குக்கு என்று எழுதிக்கொடுத்து
மூன்று கந்தோரில் கையொப்பம் வாங்கி
எடுத்த காற்றுத் துவக்கு.
குரங்குகள் அந்தக் கடிதத்தைப் படித்தவைபோல
அடுத்த கிழமையே
இராசமலரின் மாமரத்துக்குக் குடிபெயர்ந்தன.
மிஞ்சியது நானும் துவக்கும்
ஒரு டப்பா ஈயக்குண்டும்
நீண்ட ஞாயிற்றுக்கிழமைகளும்.

கால்களை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தேன்.
திருகிப் பூட்டுகிற வகை வேண்டாம்,
எங்கள் மணல் அதற்குள் காணி பிடித்துவிடும்.
மடக்கிப் பூட்டுகிறது நல்லது.
டக் என்றால் பூட்டு, இருட்டிலும் தெரியும்.
இருட்டில் ஏன் தெரியவேண்டும் என்று
குபேந்திரன் கேட்கவில்லை.
நடுத்தண்டை உயர்த்தக் கூடாது,
உயர்த்தினால் மூன்று கால் ஒரு காலாகிவிடும்.
அடியில் கொக்கி இருந்தது,
இரண்டு கிலோ அரிசி தொங்கவிடலாம்.
உள்ளங்கையை மேலே வைத்து
என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன்.
முனகியது. நின்றது.

முக்காலியின் பாரம் எனக்குப் பழக்கம்.
ஒன்றைத் தோளில் வைத்து
ஒரு குளக்கட்டு முழுக்க நடந்திருக்கிறேன்,
பத்தொன்பது வயதில்.
அதற்கு விலை பேசவில்லை.

இதற்குப் பேசினேன்.
பன்னிரண்டு என்றார், எட்டு என்றேன்,
மஞ்சளைச் சுட்டிக் காட்டினேன்,
ஒன்பதரைக்கு வந்தது, பையும் சேர்த்து.
பையின் சிப் பூட்டாது என்பதை
ஓமந்தையில்தான் கண்டேன்.
அங்கே பஸ் நிற்கவில்லை.
இப்போதெல்லாம் நிற்பதில்லை.
என் கால்கள் மட்டும் இறங்குவதற்கு எழும்பின.
மடியில் கிடந்த மூன்றும்
பேசாமல் கிடந்தன.

கனகராயன்குளத்தில் ஒட்டுவேலை யோகதாஸ்
பிளாஸ்ரிக் குழாயைப் பாதியாய்ப் பிளந்து
சைக்கிள் ரியூப் சுற்றித் தொட்டில் செய்து தந்தான்.
முதல் ஞாயிறு துவக்கை அதில் இறுக்கிக் கட்டினேன்.
ஆறு குண்டு. ஆறும் பாலைமரத்துக்கு.
சுருள்வில் துவக்கு இப்படித்தான்,
இறுக்கினால் கோபிக்கும்.
உள்ளே வில் பாயும்போது
கொஞ்சம் பின்வாங்க இடம் கேட்கும்.
கட்டை அவிழ்த்துவிட்டு
பிள்ளையைப்போல வளர்த்தினேன்,
இடக்கையைச் சும்மா கீழே கொடுத்து.

இராசமலர் வரம்பில் இருந்து எண்ணினாள்,
தோற்றால் பத்து முட்டை.
மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தினேன்.
அந்தப் பாதியை எங்கே பழகினேன் என்று
அவளுக்குத் தெரியும்,
அவளும் அதே இடத்தில்தான் நிறுத்துவாள்.

டங்.

திங்கள் காலை குபேந்திரன் போன் எடுத்தார்,
பையை மாற்றித் தருகிறாராம்.
"கலியாணவீடு எப்பிடிப் போச்சு?"
"மாப்பிள்ளை விழுந்திட்டார், தம்பி.
முப்பது மீற்றரில."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
எத்தனையாம் குண்டில் என்று.